கால் கவசம்: மெஷ் பேண்டா, ரைடிங் ஜீன்ஸா?

பல்லடத்திலிருந்து கோவைக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறேன். ஞாயிறு வாய்த்தால் வால்பாறை, திம்பம், கொல்லிமலை என்று கிளம்பிவிடுவேன். இரண்டுக்கும் பொதுவாக, விழுந்தால் காலைக் காக்கும் ஒரே கால்சட்டை வேண்டுமென்று தேடி, வலைத்துணியில் தைத்த மெஷ் பேண்டில் வந்து நின்றிருக்கிறேன். எனவே இதில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆவது பிரிவு ஹெல்மெட்டோடு நின்றுவிடுகிறது. காலைப் பற்றி அதில் பேச்சே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டி, மொபெட்டின் முன்னால் மாட்டுத்தீவன மூட்டையை வைத்துக்கொண்டு போகிற பெரியவரிடம் முழங்கால் கவசம் பற்றிப் பேசினால் சிரிப்பார். கீழே விழுந்தால் முழங்காலும் இடுப்பெலும்பும் அடிபடும், சாதாரண ஜீன்ஸ் தார்ச்சாலையில் நொடியில் கிழிந்துவிடும் என்பதெல்லாம் பைக் ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான்.

கடைகளில் நான்கு வகை இருக்கின்றன. அவற்றில் இரண்டைச் சீக்கிரம் ஒதுக்கிவிடலாம். முதலாவது, பேண்டின் மேல் வாரால் கட்டிக்கொள்ளும் முழங்கால் கார்டு. விலை குறைவு, அலுவலகம் போனதும் கழற்றி வைத்துவிடலாம். ஆனால் இறுக்கிக் கட்டினால் முழங்காலின் பின்மடிப்பில் வார் அறுக்கும்; தளர்த்தினால் சூலூர் தாண்டுவதற்குள் கணுக்காலை நோக்கி இறங்கிவிடும். இடுப்புக்கும் தொடைக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை. உள்ளூருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு அது போதும்.

இரண்டாவது, தோல் பேண்ட். சாலையில் உரசித் தேய்வதைத் தாங்குவதில் நல்ல தோலுக்கு ஈடு குறைவு. நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. நண்பர் ஒருவருடையதைப் போட்டுப் பார்த்த அனுபவம் மட்டும் உண்டு. சித்திரை வெயிலில் காங்கேயம் சாலையில் அதை அணிந்து போவது தவம். மழைக்காலத்தில் பீரோவுக்குள் பூஞ்சை பிடிக்கும், அவ்வப்போது எண்ணெய் பூச வேண்டும். பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்கள் அதை எடுத்துக்கொள்ளட்டும்.

மிச்சம் இருப்பவை ரைடிங் ஜீன்ஸும் மெஷ் பேண்டும். ஓரளவு தரமானதாகப் பார்த்தால் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஜீன்ஸில் டெனிமுக்கு அடியில் கெவ்லார் போன்ற அராமிட் இழைத்துணி வைத்துத் தைத்திருப்பார்கள். வெப்பத்தில் உருகாது என்பது அராமிடின் பெரிய குணம். மெஷ் பேண்ட் நைலான் அல்லது பாலியஸ்டர். உரசும் சூட்டில் உருகக்கூடிய இழை. அதனால்தான் முழங்கால், இருக்கை, தொடையின் வெளிப்பக்கம் ஆகிய இடங்களில் வலைக்குப் பதிலாகத் தடித்த நெசவுத்துணி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். உரசலைத் தாங்குவதில் நல்ல ரைடிங் ஜீன்ஸ் மெஷ்ஷை முந்தும் என்பதை மறுக்கமாட்டேன். நான்கு வழிச்சாலையில் வேகமாகப் போவதே பிழைப்பு என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே ஜீன்ஸை எடுக்கலாம்.

தரச்சீட்டையும் பாருங்கள். ஐரோப்பிய இஎன் 17092 தரத்தில் ஆடைக்கு ஏஏஏ, ஏஏ, ஏ என்று மேலிருந்து கீழாகப் படிகள் உண்டு. மெஷ் வகை பெரும்பாலும் ஏ படியில்தான் வரும். உள்ளே இருக்கும் கவசத்துக்கு வேறு தரம், இஎன் 1621-1. அதில் 50 ஜூல் ஆற்றலோடு ஒரு எடையை விழவைத்து, கவசத்தைத் தாண்டி வருகிற விசையை அளக்கிறார்கள். சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் முதல் நிலை, 20க்குள் இருந்தால் அதைவிட மேலான இரண்டாம் நிலை. பல பேண்டுகளில் முழங்காலுக்கு மட்டும் சான்றுள்ள கவசத்தை வைத்துவிட்டு, இடுப்புப் பைக்குள் வெறும் பஞ்சு போன்ற நுரையைச் செருகியிருப்பார்கள். கடையிலேயே பைக்குள் கைவிட்டு எடுத்துப் பாருங்கள்.

என் விஷயத்தில் இதையெல்லாம் தாண்டித் தீர்ப்புச் சொன்னது தண்ணீர்.

எங்கள் வீட்டில் ஆற்றுத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். துணி துவைப்பது போர்வெல் தண்ணீரில். அந்த உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது; கால்சியத்தோடு சேர்ந்து திரிதிரியாகத் திரண்டு துணிக்குள் போய் உட்காரும். மெல்லிய சட்டையில் அது தெரியாது. டெனிமும் அதற்கடியில் அராமிடுமாக இரண்டு அடுக்குள்ள ஜீன்ஸில் நன்றாகத் தெரியும். வேர்வை உப்பு ஒரு பக்கம், தண்ணீர் உப்பு மறு பக்கம். முன்பு நான் வைத்திருந்த ஜீன்ஸ் சில மாதங்களில் தகடுபோல விறைத்தது. முழங்காலின் பின்மடிப்பில் வெள்ளைக் கோடுகள் விழுந்து, அந்த இடமே தோலை உரசத் தொடங்கியது. ஜிப்பின் உலோகப் பற்களில் பச்சை பூத்தது.

சலவை சோடாவும் பிளீச்சிங் பவுடரும் போட்டு அலசலாமே என்று வீட்டில் சொன்னார்கள். குளோரின் அராமிட் இழையை அரித்துவிடும். சரி, நல்ல வெயிலிலாவது காயப்போடலாம் என்றால் புறஊதாக் கதிரும் அதற்கு ஆகாது. மஞ்சளாக இருக்கும் இழை பழுப்பேறி வலுவிழக்கும். டெனிம் பக்கத்தை வெளியே வைத்துக் காயப்போட்டால் உள்ளடுக்கு காய நாளாகும். உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டால் வெயில் நேரே இழையில் படும். நிழலில் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஐப்பசி மழை நாட்களில் துவைத்தால் அடுத்த நாள் வேலைக்கு நிச்சயம் ஆகாது.

அந்த ஜீன்ஸை மச்சானிடம் கொடுத்துவிட்டேன். அவர் வீட்டுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. கொஞ்ச நாளில் அவரிடம் அது மெத்தென்று ஆகிவிட்டது. “துணியில் குற்றம் இல்லைங்க மாப்பிள்ளை, உங்கள் ஊர்த் தண்ணீரில்தான் குற்றம்” என்றார். உண்மைதான். நல்ல தண்ணீர் தாராளமாக வரும் வீடாக இருந்தால் இந்த அலசலின் முடிவே மாறக்கூடும்.

மெஷ் பேண்டில் உப்பு தங்க இடம் குறைவு. கவசங்களை உருவிவிட்டு, வாளியில் கொஞ்சம் ஷாம்பு கலந்து ஊறவைத்துக் கையால் அமுக்கினால் அழுக்கு கலங்கி வெளியே வரும். முறுக்கிப் பிழியக் கூடாது. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் ஆற்றுத் தண்ணீர் செலவழிக்கிறேன். வெல்க்ரோவை ஒட்டிவிட்டுத்தான் வாளியில் போட வேண்டும். திறந்திருந்தால் அதன் முள் பக்கம் வலையைப் பிடித்து நூலை இழுத்துவிடும். உருவிய முழங்கால் கவசங்களில் இடது, வலது, மேல், கீழ் என்று மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, கிளிப் போடாத மெஷ் பேண்ட் பக்கத்துத் தோட்டத்துக்குப் பறக்கும். காலையில் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும்.

மெஷ்ஷிலும் குறை உண்டு. ஓடும்போதுதான் காற்று, சிங்காநல்லூர் சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் சூடு வலை வழியாகக் கெண்டைக்கால் வரை நேரே வந்துவிடும். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அதே வலை வழியாகக் குளிர் வரும். உள்ளே மாட்டும் மழைத்தடுப்பு லைனரை நான் விரும்புவதில்லை. வெளித்துணி நனைந்து கனத்துவிடுகிறது. மேலே போடும் தனி ரெயின்பேண்டை டேங்க் பையில் வைத்திருக்கிறேன், அதுவே குளிருக்கும் ஆகிறது. நல்லவேளையாக, மெஷ் பேண்டோடு நான் இதுவரை விழுந்ததில்லை; எனவே விழுந்தால் எப்படித் தாங்கும் என்பதற்குத் தரச்சீட்டுதான் சாட்சி, நான் இல்லை.

எதை வாங்கினாலும் கடையில் நின்றபடி அளவு பார்க்காதீர்கள். வாசலில் நிற்கும் உங்கள் வண்டியில் உட்கார்ந்து, கால்களை ஃபுட்பெக்கில் வைத்துப் பாருங்கள். உட்காரும்போது துணி மேலே இழுபடும். அந்த நிலையில் கவசம் முழங்கால் சில்லை மூடி முன்னங்காலின் மேற்பகுதி வரை இறங்கியிருக்க வேண்டும். நிற்கும்போது கொஞ்சம் கீழே இருப்பதாகத் தோன்றினால் தவறில்லை. கவசப் பையின் உள்ளே உயரத்தை மாற்றும் வெல்க்ரோ பட்டை இருந்தால், கடைக்காரரையே சரிசெய்து தரச் சொல்லுங்கள்.