தேயிலை: ஊர் ஊராகச் சுவைப்பதா, ஒரே மலையோடு நின்றுவிடுவதா?

பால் ஊற்றிக் குடிப்பவரா, பாலில்லாமல் குடிப்பவரா என்பதிலேயே இந்தக் கேள்வியின் பாதி தீர்ந்துவிடுகிறது. பாலும் தூளும் சேர்ந்து கொதிக்கும்போது மணம் ஆவியோடு போகிறது. துவர்ப்பைப் பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் பிடித்து அடக்கிவிடுகிறது. கோப்பையில் தங்குவது நிறமும் கனமும்தான். அந்த இரண்டையும் கொடுப்பதில் கெட்டிக்கார முறை சிடிசி: வாடவைத்த இலையைப் பல் வைத்த உருளைகளுக்கிடையே விட்டு நசுக்கி, கிழித்து, மணிமணியாகச் சுருட்டுவது. 1930களில் அசாமில் தொடங்கிய இந்த முறையில்தான் இன்று இந்தியத் தேயிலையின் பெரும்பகுதி தயாராகிறது. பால் டீக்காரர்கள் ஊர் ஊராக அலைய வேண்டாம். திடமான அசாம் சிடிசி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மணமும் வேண்டுமென்றால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு நீலகிரித் தூள் கலந்துகொள்ளுங்கள். தார்ஜிலிங்கின் முதல் பருவ இலையை வாங்கிவந்து பாலில் கொதிக்கவிடுவது இலைக்கும் கேடு, பணத்துக்கும் கேடு.

ஆகவே இங்கே அலசுவது பாலில்லாமல் குடிக்கும் கறுப்புத் தேயிலையை.

சுற்றிப் பார்த்தால் கிடைப்பது

உலகத் தேயிலை எல்லாமே ஒரே இனச் செடி. சின்ன இலைச் சீன வகை, பெரிய இலை அசாம் வகை, இரண்டின் கலப்புகள். மற்ற வித்தியாசங்களை உண்டாக்குபவை உயரம், குளிர், மழை, பறிக்கும் மாதம், ஆலையின் கைப்பக்குவம். கோப்பைகளை அருகருகே வைத்துக் குடித்தால்தான் இது நாக்கில் ஏறும். திங்கட்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று என்று குடித்து ஒப்பிடவே முடியாது.

தொடங்க ஐந்து போதும். அசாம் ஆர்த்தடாக்ஸ் (சிடிசி போல் நசுக்கிக் கிழிக்காமல் இலையை உருட்டிச் செய்யும் பழைய முறை), இரண்டாம் பருவம்: மே, ஜூனில் பறிப்பது, கனமும் மால்ட் மணமும் (முளைகட்டி வறுத்த தானியத்தின் மணம்) உள்ளது. தார்ஜிலிங் முதல் பருவம்: மார்ச், ஏப்ரல் கொழுந்து, வெளிர் நிறம், பூ மணம், லேசான பச்சை வாடை. நீலகிரியின் குளிர்கால ஆர்த்தடாக்ஸ். இலங்கையின் ஊவா: நல்ல பருவத்தில் பறித்ததாக இருந்தால் தொண்டையில் குளிர்ச்சியான, கற்பூரத் தைலத்தை ஒட்டிய ஒரு மணம் வரும். கடைசியாகச் சீனத்தின் கீமுன்: அன்ஹுய் மாகாணத்தது, துவர்ப்பு குறைவு, கோகோவைப் போன்ற ஓர் அடிமணம்.

சோதனை முறை பழையது, எளியது. ஐஎஸ்ஓ 3103 என்ற தர அளவின்படி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, மூடி வைத்து 6 நிமிடம். குறையை வெளியே கொண்டுவருவதற்கான கணக்கு இது. குடிப்பதற்கு மிகக் கடுமை. வீட்டில் அதே எடையை வைத்து 3 நிமிடம் போதும். ஐந்து ஒரே மாதிரிக் கோப்பை, ஒரே கெட்டில் நீர், கிராம் தசமம் காட்டும் சின்னத் தராசு. கரண்டியால் அளக்காதீர்கள்: நீள இலை ஒரு கரண்டி ஒரு கிராம்கூட வராது, டஸ்ட் அதே கரண்டியில் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும்.

பெரும்பாலோர் தவறுவது தரக்குறியீட்டில்தான். ஓபி என்றால் முழு இலை, பிஓபி உடைந்தது, பிஓபிஎஃப் இன்னும் சிறியது, அதற்கும் கீழே டஸ்ட். துகள் சிறுத்தால் நீர் படும் பரப்பு கூடும். சாறு வேகமாக இறங்கும். ஊவாவின் பிஓபிஎஃப்-ஐயும் தார்ஜிலிங்கின் முழு இலையையும் பக்கத்தில் வைத்து, ‘இலங்கைத் தேயிலை கடுமை’ என்று முடிவுகட்டுகிறார்கள். அவர்கள் ஒப்பிட்டது இரண்டு மலைகளை அல்ல, இரண்டு துகள் அளவுகளை. கிடைத்தவரை ஒரே வகைத் துகளாக வாங்குங்கள்.

அடுத்தது பழசு. ஐந்து ஊரிலிருந்தும் தலா 100 கிராம் வாங்கினால் அரைக் கிலோ. 150 மில்லி கோப்பைக்கு 3 கிராம் என்றால் அது 166 கோப்பை. நாளுக்கு இரண்டு குடித்தால் கிட்டத்தட்ட மூன்று மாதம். கறுப்புத் தேயிலை இதைத் தாங்கும். இதோடு பத்துப் பொட்டலம் சேர்ந்து, நடுவில் பச்சைத் தேயிலையும் இருந்தால், கடைசியில் குடிப்பது சக்கையாகத்தான் இருக்கும். கடலோர ஊர்களில் இன்னும் மோசம், ஏனென்றால் தேயிலை ஈரத்தையும் பக்கத்திலிருக்கும் மணத்தையும் ஒருசேர உறிஞ்சும். ஆலையை விட்டு வரும்போது 3 சதவீத அளவில் இருக்கும் ஈரம், பொட்டலத்தைத் திறந்து திறந்து மூடினால் ஏறிக்கொண்டே போகும். சாம்பார்ப் பொடி டப்பா இருக்கும் அலமாரியில் முதல் பருவ தார்ஜிலிங்கை வைத்தால் அதன் கதை முடிந்தது. சுற்றிப் பார்ப்பவர்கள் 25 கிராம் பொட்டலங்களாக மட்டும் வாங்குங்கள்.

பச்சைத் தேயிலைக்கும் ஊலாங்குக்கும் (பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட வகை) இதே ஆசை இருந்தால் தனியாகச் செய்யுங்கள். ஜப்பானின் சென்ச்சாவுக்கு 70 டிகிரி நீரும் ஒரு நிமிடமும், சீனத்தின் லோங்ஜிங்குக்கு 80 டிகிரியும் இரண்டு நிமிடமும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் மூன்று பங்கு கொதிநீரில் ஒரு பங்கு அறை வெப்பநிலை நீர் சேருங்கள். நம் ஊர் வெயிலில் ஏறக்குறைய 82 டிகிரி வரும்.

ஒரே மலையில் தங்கினால் கிடைப்பது

தங்குவதென்றால் ஒரே ருசியை ஆண்டு முழுக்கக் குடிப்பது என்று நினைக்கிறார்கள். அது பிராண்டில் தங்குவது. பெரிய நிறுவனங்களின் கலவையாளர்கள் பல ஏலங்களில், பல தோட்டங்களில் வாங்கிக் கலந்து, ஜனவரியிலும் ஜூலையிலும் பாக்கெட் ஒரே மாதிரி ருசிக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அந்தத் திறமை மதிக்கத்தக்கது. ஆனால் மண்ணும் மழையும் செய்யும் வித்தியாசங்களை அழிப்பதுதான் அவர்கள் வேலை. ஒரு மலையில் தங்குகிறவர் தேடுவது அந்த வித்தியாசங்களையே.

தார்ஜிலிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தோட்டம் நான்கு தேயிலை தரும். முதல் பருவத்தின் பச்சை வாடை மே, ஜூனில் போய், செம்பு நிறமும் மஸ்கட் திராட்சை மணமும் வரும். அந்த மணத்தில் தத்துப்பூச்சிக்கும் பங்குண்டு: பூச்சி சாறு உறிஞ்சும்போது செடி தற்காப்பாக உண்டாக்கும் வாசனைப் பொருள்கள் அவை. தைவானின் ‘ஓரியண்டல் பியூட்டி’ ஊலாங்குக்கும் இதே பூச்சி வித்தைதான். பிறகு மழைக்காலத்து மட்டமான இலை. அக்டோபர், நவம்பரில் உருண்டு திரண்ட, இனிப்பான இலையுதிர்ப் பருவம். ஊர் சுற்றுபவர் இதில் ஏதோ ஒரு பொட்டலத்தைக் குடித்துவிட்டு ‘தார்ஜிலிங் பார்த்தாயிற்று’ என்பார்.

இலங்கை இதைவிடச் சுவாரசியம். 1867இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் தொடங்கிய தேயிலை, இன்று ஏழு பகுதிகளாகப் பிரிந்து நிற்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையை மேற்குச் சரிவு வாங்கிக்கொள்ள, மலையைத் தாண்டும் காற்று வறண்டு ஊவாவில் இறங்குகிறது. ஊவாவின் உச்சப் பருவம் அதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை நிலைமை தலைகீழ், மேற்குப் பக்கத் திம்புள்ளவுக்கு யோகம். தாழ்நிலத்து ருகுணவில் இலை பெரிது, நிறம் கறுப்பு, சுவை கனம். ஒரு நாட்டில் தங்கிக்கொண்டே சுற்றிப் பார்க்க விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

நீலகிரியில் ஆண்டு முழுவதும் பறிப்பு உண்டு. ஆனால் டிசம்பர் முதல் மார்ச் வரைக் குளிரும் வறட்சியும் செடியின் வளர்ச்சியை மெதுவாக்க, அந்தக் கொழுந்தில் மணம் திரள்கிறது. இளநிறம், சுத்தமான சுவை, ஆறினாலும் எளிதில் கலங்காது. ஐஸ் டீக்கு அதனால்தான் பேர்போனது. வருத்தம் என்னவென்றால், ஊட்டி, குன்னூர் கடைகளில் ‘நீலகிரி டீ’ என்று கைக்கு வருவது பெரும்பாலும் சிடிசி தூள். ஆர்த்தடாக்ஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். நீலகிரி ஆர்த்தடாக்ஸுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

தங்குவதன் இரண்டாவது லாபம் உங்கள் நீரோடு இலையைப் பழக்குவது. சுண்ணம் மிகுந்த போர்வெல் நீரில் டீயின் மேல் ஆடை படரும், நிறம் மங்கும், மெல்லிய மணம் காணாமல் போகும். எல்லாவற்றையும் வடித்துவிடும் ஆர்ஓ நீரில் ருசி சப்பென்று ஆகும். இரண்டையும் பாதிப்பாதி கலந்தால் பல வீடுகளில் சரியாகிவிடும், ஆனால் விகிதம் இலைக்கு இலை மாறும். இடமும் கணக்கில் வரும்: ஊட்டியின் உயரத்தில் நீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுகிறது, அங்கே ஒரு நிமிடம் கூட வேண்டும். வாரம் ஒரு ஊர் மாற்றுபவருக்கு இந்தத் திருத்தங்கள் கைகூட நேரமே இருக்காது.

தங்குவதில் உள்ள ஆபத்து

2017இல் தனி மாநிலம் கேட்டு நடந்த கோர்க்காலாந்து போராட்டத்தில் தார்ஜிலிங் மலை நூறு நாளுக்கு மேல் அடைந்து கிடந்தது. அந்த ஆண்டின் இரண்டாம் பருவம் பெரும்பாலும் பறிக்கப்படவே இல்லை. 2021இல் இலங்கை ரசாயன உரத்தைத் தடை செய்தது; சில மாதங்களில் விலக்கிக்கொண்டாலும் அடுத்த ஆண்டு விளைச்சல் விழுந்தது. எனவே பக்கத்து மண் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தார்ஜிலிங்குக்கு எல்லை தாண்டினால் நேபாளத்தின் இலாம்: அதே மலைத்தொடர், கிட்டத்தட்ட அதே குணம், பெரும்பாலும் விலையும் குறைவு. நீலகிரிக்காரர்களுக்குத் திம்புள்ள ஓரளவு கைகொடுக்கும்.

எங்கள் தேர்வு

தங்குவதுதான் மேல் என்பது எங்கள் கட்சி, ஆனால் ஓர் ஆண்டு சுற்றிய பிறகு. ஒரே மாதத்தில் ஐம்பது மாதிரி குடித்தால் பருவம் பிடிபடாது. ஏப்ரல் கடைசியில் ஒரு சுற்று, செப்டம்பர் கடைசியில் ஒரு சுற்று, பிப்ரவரியில் ஒரு சுற்று. ஒவ்வொன்றிலும் ஐந்து கோப்பை. மூன்று சுற்றிலும் முதலில் காலியாகும் கோப்பை எந்த மலையுடையது என்று பாருங்கள். பெயரை மறைத்து, கோப்பைக்கு அடியில் எண் ஒட்டிச் செய்வது நல்லது. விலையும் புகழும் நாக்கை ஏமாற்றும்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு கறுப்பு டீ குடிப்பவருக்கு எங்கள் முதல் பரிந்துரை நீலகிரிக் குளிர்கால ஆர்த்தடாக்ஸ். பறித்த சில வாரங்களில் கையில் கிடைக்கும், தார்ஜிலிங்கின் விலையும் இல்லை. கனம் வேண்டுபவருக்கு இது போதாது. அவர்கள் அசாம் ஆர்த்தடாக்ஸுக்குப் போகட்டும். பிப்ரவரி, மார்ச்சில் ஆறு மாதத்துக்கானதை வாங்கி, 100 கிராம் வீதம் ஒளிபுகாத பைகளில் பிரித்து மூடி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திறங்கள். நாளுக்கு இரண்டு கோப்பை என்றால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பொட்டலத்தில் தோட்டத்தின் பெயரும் பறித்த மாதமும் இருக்க வேண்டும். பேக் செய்த தேதி மட்டும் இருந்தால் உள்ளே இருப்பது எந்த ஆண்டின் இலை என்று அதைக்கொண்டு சொல்ல முடியாது. இலங்கைத் தேயிலை என்றால் வாளேந்திய சிங்க முத்திரையைப் பாருங்கள்: முழுக்க இலங்கையில் விளைந்து அங்கேயே பொட்டலமிட்டதற்குத்தான் அந்த முத்திரை.