ஜெனிட்டுக்குத் தைத்த உறை: ஆறு ஆண்டுக் கணக்கு

என்னிடம் இருக்கும் ஜெனிட்-ஈ என்ற சோவியத் காலத்துப் பிலிம் கேமராவில் வார் மாட்டுவதற்குக் காது கிடையாது. உறைக்குள் கேமராவைத் திருகி, உறையைத் தோளில் தொங்கவிட வேண்டும் என்பது மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் அதை உருவாக்கியவர்களின் ஏற்பாடு. உறை நன்றாக இருக்கும்வரை அது நல்ல ஏற்பாடுதான். என் கைக்கு வந்தபோது உறையின் தையல் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. ஹீலியோஸ் லென்சோடு சேர்த்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. அதைக் கையில் ஏந்திக்கொண்டு எத்தனை தெரு நடப்பது? வேறு வழியில்லாமல் ஊசியை எடுத்தேன்.

அதற்கு முன்பே என்னிடமுள்ள இன்னொரு பிலிம் கேமராவான பென்டாக்ஸ் கே1000-க்கு ஒரு வார் செய்து பார்த்திருந்தேன். அதில் காது உண்டு என்பதால் எளிய வேலை என்று நினைத்தேன். நாடாக் கட்டிலுக்குப் பின்னும் பருத்தி நாடாவை வாங்கி, இரண்டு முனையையும் மடித்துத் தைத்து, சாவிக்கொத்து வளையத்தில் கோத்து மாட்டினேன். நாடா கழுத்தில் உறுத்தவில்லை, வியர்வையை உறிஞ்சியது, அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம். கடையில் விற்கும் நைலான் வார் எதுவும் நம் ஊர் வெயிலுக்கு இதன் பக்கத்தில் வராது. ஆனால் ஐந்தாவது மாதம் கேமரா கீழே விழுந்தது. நாடாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, தையலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வளையம் மெல்ல மெல்ல வாய் விரிந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. புல்தரையாக இருந்ததால் மேல்மூடியில் ஒரு நசுங்கலோடு தப்பியது.

விழுந்த கதையை எங்கள் பேருந்து நிறுத்தத்தில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் சொன்னேன். "நாடாவை இழுத்து இழுத்துப் பார்த்தீர்களே தம்பி, வளையத்தை இழுத்துப் பார்த்தீர்களா?" என்றார். பார்க்கவில்லைதான். இப்போது நகத்தால் பிரிக்க முடியாத கெட்டியான எஃகு வளையத்தைத்தான் போடுகிறேன். வளையம் உடலில் உரசிப் பூச்சைத் தின்னாமல் இருக்க, அடியில் பத்துப் பைசா அளவுக்குத் தோல் வில்லை ஒன்று. சைக்கிள் டியூபிலும் வெட்டிப் பார்த்தேன். வெயிலில் ஒட்டிப் பிசுபிசுத்தது.

ஜெனிட்டுக்கு, கீழ்ப்பாதியை மட்டும் மூடும் அரை உறை தைக்கத் தோல் தேடி, சென்னையில் தோல் வியாபாரம் நடக்கும் பெரியமேட்டுக்குப் போனேன். வெட்டு மிச்சம் எடை போட்டுக் கொடுப்பார்கள். முதல் முறை, பளபளவென்று மெத்தென்றிருந்த கறுப்புத் தோலை வாங்கி ஏமாந்தேன். அது குரோமியத்தில் பதனிட்டது. எத்தனை நேரம் ஊறவைத்து அழுத்தினாலும் காய்ந்ததும் பழையபடி தளர்ந்துவிடும், வடிவம் நிற்காது. உறைக்கு வேண்டியது பட்டைச்சாற்றில் பதனிட்ட தோல். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டு, சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய சரக்கின் வழிவந்தது. நீரில் நனைந்தால் களிமண் போல வளையும், காய்ந்தால் அப்படியே நிற்கும். இரண்டு மில்லிமீட்டர் தடிமன் போதும். மூன்று வாங்கினால் மூலை மடியாது.

கேமராவின் மேலேயே ஈரத்தோலைப் போர்த்தும் துணிச்சல் எனக்கு வரவில்லை. தச்சரிடம் அதே அளவில் ஒரு மரக்கட்டை செதுக்கி வாங்கினேன். தண்ணீரில் போட்ட தோலிலிருந்து குமிழி வருவது நின்றதும் எடுத்து, கட்டையின் மேல் விரித்து, கட்டைவிரலால் மூலைகளை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் சுருக்கம் விழும். விட்டுவிடாமல் தேய்த்தால் சுருக்கம் தோலுக்குள்ளேயே கரைந்துபோகும், அந்தக் கால்மணி நேரம்தான் இந்த வேலையில் எனக்குப் பிடித்தது. அவசரத்தில் ஒருமுறை கொதிநீரை ஊற்றினேன். தோல் கண்ணெதிரே சுருண்டு அப்பளமாகிவிட்டது. ஆறின நீரே போதும். நிழலில் இரண்டு நாள் காயட்டும்.

தையல் அந்தப் பெரியவரிடம் கற்றது. ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி, ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராகப் போய்வர வேண்டும். மெழுகு தடவிய நூலானால் இழுத்த இடத்தில் நிற்கும். இப்படித் தைத்தால் ஓரிடத்தில் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். ஆறு ஆண்டுகளில் இரண்டு இடங்களில் அறுந்தது, உறை பிரியவில்லை.

அதிகம் தொல்லை கொடுத்தது, உறையைக் கேமராவின் முக்காலித் துளையோடு பிணைக்கும் அடித்திருகு. பழைய ஜெனிட்-ஈ கேமராக்களில் முக்காலித் துளை 3/8 அங்குலம், பிந்தையவற்றில் 1/4. என்னுடையது பழையது. கால் அங்குலத் திருகை வாங்கி வந்து போட்டால் கிணற்றுக்குள் விட்ட கயிறு போல ஆடியது. துளையைக் கால் அங்குலத்துக்குக் குறுக்கும் உள்மரை வளையம் ஒன்றைப் பொருத்திய பிறகு, கால் அங்குல விட்வொர்த் மரை (பழைய பிரிட்டிஷ் அங்குல மரை) போல்ட் சரியாக உட்கார்ந்தது. இரும்புக் கடையில் இந்த மரையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "எல்லாம் ஒன்றுதான்" என்று ஆறு மில்லிமீட்டர் போல்ட்டைத் தருவார்கள். அது இரண்டு சுற்று ஏறி இறுகிவிடும், மேலும் திருகினால் கேமராவின் மரை போய்விடும். நீளத்தையும் அளந்து அறுக்க வேண்டும். அதிகமானால் துளையின் அடியை முட்டும்.

கே1000-க்கும் ஓர் அரை உறை தைத்தேன். அழகாக வந்தது. முதல் பிலிம் ரோல் முடிந்து சுற்ற வேண்டிய நேரத்தில்தான், பிலிமை விடுவிக்கும் பொத்தான் அடிப்பக்கத்தில் இருப்பது நினைவுக்கு வந்தது. ஒரு கல்யாண வீட்டில், பந்தி நடுவே, உறையைக் கழற்றிக்கொண்டு நின்றேன். அன்றிரவே அடியில் ஒரு துளை போட்டாயிற்று. இந்தக் கேமராவில் ஒளிமானிக்கு அணைக்கும் விசை இல்லை; வெளிச்சம் பட்டால் மின்கலம் கரையும். அரை உறை போட்டால் லென்ஸ் மூடி கட்டாயம். மூடி தொலையாமலிருக்க மெல்லிய தோல் நாடாவால் வாரோடு கட்டிவைத்தேன். நான் செய்ததிலேயே சிறியது, அதிகம் உதவியதும் அதுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பித்தளை ரிவெட்டுகள் தோலைத் தொடும் இடமெல்லாம் பச்சைக் களிம்பு பிடிக்கிறது; பல்குச்சியால் சுரண்டுவது மாதாந்திர வேலை. தேங்காய் எண்ணெய் தடவியது என் முட்டாள்தனம். ஒரு வாரம் மினுமினுத்தது, மழைக்காலம் வந்ததும் வெள்ளைப் பூஞ்சை பூத்தது. தோல் ஈரத்தை விடாது. உறைக்குள்ளேயே கேமராவைப் பூட்டிவைத்தால் பூஞ்சை லென்சுக்கும் குடியேறும். வீடு வந்ததும் உறையைக் கழற்றிக் கொடியில் மாட்டிவிட்டு, கேமராவைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்கிறேன். படம் எடுக்கத் தோன்றும்போதெல்லாம் திருகை மாட்டிக் கழற்றுவது எரிச்சல்தான்.

ஜெனிட் உறையின் வலது மூலை, விரல் பட்டுப் பட்டு, புளியங்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. கே1000-இன் நாடா மட்டும் நைந்துபோயிற்று. கட்டில் நாடா விற்ற கடையில் இப்போது நைலான்தான் இருக்கிறது. பருத்தி நாடா இருக்கும் கடை தெரிந்தால் சொல்லுங்கள், மூன்று மீட்டர் போதும்.