மஞ்சளா, நித்தியகல்யாணியா, யூ மரமா? உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயில் எது எங்கே நிற்கிறது

உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்க்கு முதல் சிகிச்சை அறுவைதான், தேவைப்பட்டால் கதிர்வீச்சு. நோய் திரும்பி வந்தாலோ, நுரையீரலுக்குப் பரவினாலோதான் செடிகளைப் பற்றிய பேச்சு சூடுபிடிக்கிறது. முதலில் வருவது மஞ்சள்.

மஞ்சளில் உள்ள குர்குமின், உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றில் ஒரு வகையான அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமாவின் செல்களை ஆய்வகத்தில் அடக்கியதாகக் கட்டுரைகள் உண்டு. அவற்றைப் படிக்கும்போது எந்தச் செல்களில் சோதித்தார்கள் என்று பாருங்கள். இந்த நோய்க்கென்று ஆய்வகங்களில் தொடர்ந்து வளர்த்துவந்த ஆறு செல் வரிசைகளின் மரபணுவைச் சோதித்து 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆறுமே போலி! ஏசிசி2, ஏசிசி3, ஏசிசிஎம் மூன்றும் ஹீலா எனப்படும் கருப்பைவாய்ப் புற்றுச் செல்கள். இன்னொன்று சிறுநீர்ப்பைப் புற்று. மற்ற இரண்டும் எலி இனச் செல்கள். அவற்றில் கிடைத்த முடிவு உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சாட்சி ஆகாது. போதாக்குறைக்கு, விழுங்கிய குர்குமினில் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். சேரட்டும் என்று மிளகின் பைப்பரின் கலந்து விற்கும் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். குழம்பில் போடும் மஞ்சளுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

நித்தியகல்யாணியின் கதை வேறு. சுடுகாட்டு மல்லி என்று நாம் ஒதுக்கும் அதே செடிதான். கனடாவில் சர்க்கரை நோய்க்காக அதை ஆராய்ந்தபோது சாறு வெள்ளையணுக்களைக் குறைத்தது. அதிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வந்தது. அதன் வழித்தோன்றலான வினோரெல்பினை 2001-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்று திரும்பிய 36 பேருக்குக் கொடுத்தார்கள். தனியாகப் பெற்ற 20 பேரில் 4 பேருக்குக் கட்டி சுருங்கியது. சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தும் சேர்த்துப் பெற்ற 16 பேரில் 7 பேருக்குப் பலன்; அதில் மூவருக்குக் கட்டி முழுதும் மறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் மனிதர்களிடம் நடந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் இலையைப் பறித்து அரைத்துக் குடித்துவிடக் கூடாது. அளவு தெரியாத அந்தச் சாறு நஞ்சு.

பசிபிக் யூ மரப்பட்டையில் கிடைத்த பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்தை அமெரிக்காவில் இந்த நோயாளிகள் 45 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2006-இல் வந்தது. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றின் வேறு இரண்டு வகைகளான மியூகோஎபிடெர்மாய்டு, அடினோகார்சினோமாவில் 31 பேரில் 8 பேருக்குக் கட்டி சுருங்கியது. அடினாய்டு சிஸ்டிக் வகையில் 14 பேர்; ஒருவருக்குக்கூடச் சுருங்கவில்லை.

என் கணிப்பில், மருந்து வேண்டிய கட்டத்தில் அடினாய்டு சிஸ்டிக் என்றால் வினோரெல்பின், சிஸ்பிளாட்டின் கூட்டணியைப் பற்றித்தான் மருத்துவரிடம் பேச வேண்டும். மற்ற இரண்டு வகை என்றால் பாக்ளிடாக்சலைக் கேட்கலாம். ஆகவே பயாப்ஸி ரிப்போர்ட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். மஞ்சள் மாத்திரை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், கீமோ தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.