147573952589676412927-ஐ உடைத்துப் பார்க்க: பாரி/ஜிபி மதிப்புரை

இருபது முப்பது இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, இது பகா எண்ணா, காரணிகள் எவை, வகுத்திகள் எத்தனை என்று கேட்டால் பதில் சொல்ல பாரி/ஜிபி ஒன்றே போதும். போர்தோ பல்கலைக்கழகத்தில் உருவான இலவச மென்பொருள். அலங்காரம் கிடையாது, திறந்தால் ஒரு கேள்விக்குறி மட்டும் காத்திருக்கும்.

தலைப்பில் உள்ள எண் 2^67-1. ஃபேக்டர்(2^67-1) என்று அடித்தால் கண் இமைக்கும் முன் இரண்டு வரி வரும்: 193707721, 761838257287. இடப்பக்க நிரல் பகா காரணி, வலப்பக்கம் அதன் அடுக்கு. இங்கே இரண்டு அடுக்குகளுமே 1. ஆகவே வகுத்திகளை எண்ணும் நம்டிவ் 4 என்கிறது. இலக்கங்களைக் கூட்டும் சம்டிஜிட்ஸ் 109 என்கிறது. சந்தேகம் இருந்தால் ஃபேக்டர்பேக் கொண்டு திரும்பப் பெருக்கிச் சரிபார்க்கலாம்.

ஆனால் எடுத்த எடுப்பிலேயே ஃபேக்டரை ஓடவிடுவது தவறு. முதலில் பகா எண்ணா என்று மட்டும் சோதிக்கும் ஐஸ்பிரைம். பகா எண்ணா என்று சோதிப்பது வேறு, காரணி கண்டுபிடிப்பது வேறு. முதலாவது நூற்றுக்கணக்கான இலக்கங்களுக்கும் எளிது. இதே எண் பகு எண் என்று பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா 1876-லேயே காட்டிவிட்டார், காரணிகளைச் சொல்ல 1903-ல் அமெரிக்கக் கணிதர் கோல் வர வேண்டியிருந்தது. முழு நிரூபணம் தேடாமல் அதே சோதனையைச் செய்யும் ஐஸ்சூடோபிரைம் இன்னும் வேகம். 2^64-க்குக் கீழே அதன் விடை உறுதியானது; அதற்கு மேல் நிரூபணம் இல்லை, ஆனால் அது தவறிய எண் ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை.

பிழை பெரும்பாலும் எண்ணை உள்ளிடும்போதே நுழைகிறது. இலக்கங்களுக்கு நடுவே காற்புள்ளி போடவே கூடாது. ஃபேக்டர்(91,125) என்றால் 125-ஐத் தேடல் வரம்பாக எடுத்துக்கொண்டு, 91-க்கு 7, 13 என்று சத்தமில்லாமல் விடை தந்துவிடும். நீங்கள் கேட்க நினைத்த 91125-க்கு விடை 3^6 × 5^3. 10^20-ஐ 1ஈ20 என்று எழுதினாலும் வம்புதான், அதைத் தசம எண்ணாகவே கொள்ளும். எக்செல்லில் இருந்து எண்ணை நகலெடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அது 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். நம் எண் 147573952589676000000 ஆகிவிடும். விடையில் 2^8, 5^6 என்று சின்னக் காரணிகள் குவிந்து கிடந்தால் பாரியைத் திட்டாதீர்கள்.

நினைவகம் போதவில்லை என்று பாதியில் நின்றால் நினைவக வரம்பான பாரிசைஸ்மேக்ஸ் அளவைக் கூட்டிவிட்டு மறுபடி ஓட்டலாம்.

வேகத்தைத் தீர்மானிப்பது இலக்கங்களின் எண்ணிக்கை மட்டுமல்ல. ஒரே ஒரு பெரிய பகா காரணியும் மற்றவை சிறியவையுமாக இருந்தால் 200 இலக்க எண்ணும் உடைந்துவிடும். ஏறத்தாழ சம அளவுள்ள இரு பகா எண்களின் பெருக்கல்தான் கெட்டி: 100 இலக்கத்தை நெருங்கினால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இடையில் நிறுத்தினால் செய்த வேலை போச்சு. அந்த அளவுக்குப் போகிறவர்கள் கேடோ-என்எஃப்எஸ் என்ற காரணிப்படுத்தும் மென்பொருள் பக்கம் போகலாம். 2020-ல் 250 இலக்கச் சவால் எண்ணான ஆர்எஸ்ஏ-250 உடைபட்டது அதில்தான்.