அகலப் பாதத்துக்கு சைக்கிள் ஷூ: ஒரு நம்பர் கூட்டுவதா, வைட் எடுப்பதா?

கிளீட் (ஷூவைப் பெடலோடு பூட்ட அடியில் திருகும் கட்டை) பூட்டும் ரோடு சைக்கிள் ஷூவை ஆன்லைனில் தேடும் நம்மூர்க்காரர்கள் பலருக்கு நீளம் பெரிய பிரச்சினையாக இருப்பதில்லை. அகலம்தான் படுத்துகிறது. செருப்பிலேயே வளர்ந்த கால், முன்பாதம் நன்றாகப் பரந்திருக்கும். ரோடு ஷூக்களில் பலவும் அந்த இடத்தில்தான் ஒடுங்கும். இதற்கு இரண்டு வழி உண்டு. அதே மாடலில் ஒரு நம்பர் பெரிதாக வாங்கலாம், அல்லது நம் நீளத்திலேயே வைட், அதாவது அகலம் கூட்டிய வடிவம், வாங்கலாம். நான் ஷிமானோவின் வைட் பக்கம் போனவன். யாராவது கேட்டால் இன்றும் அதைத்தான் சொல்வேன், ஆகவே முழு நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

எந்த வழியானாலும் முதலில் காலை அளக்க வேண்டும். கடையில் வாங்கிய பழைய ஷூவின் யூகே நம்பரை நம்பி ஆர்டர் போடக் கூடாது. அதே யூகே 8, அடிடாஸில் 42, நைக்கியில் 42.5. சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஓட்டும்போது போடும் சாக்ஸோடு, குதிகாலைச் சுவரில் ஒட்டி நின்று இரண்டு காலையும் அளந்து, பெரிய காலின் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிமானோ அட்டவணையில் ஐரோப்பிய நம்பருக்குப் பக்கத்திலேயே சென்டிமீட்டர் இருக்கும்: 42 என்றால் 26.5, 43 என்றால் 27.2, 44 என்றால் 27.8. என் பெரிய கால் 26.3, எனவே 42. ஓடும் ஷூவுக்கு விடுவதுபோல முன்னால் கட்டைவிரல் அளவு இடம் இதற்குத் தேவையில்லை. அடிப்பாகம் வளையாது, கால் ஒவ்வொரு அடிக்கும் முன்னே தள்ளாது, சில மில்லிமீட்டர் போதும்.

சரி, ஒரு நம்பர் கூட்டுவதில் என்ன லாபம்? எல்லாக் கடையிலும் கிடைக்கும், நிறம் பார்த்து எடுக்கலாம், தள்ளுபடியிலும் சிக்கும். லேசான இறுக்கம் மட்டும்தான் என்றால் அரை நம்பரே காப்பாற்றிவிடும். அது 3.3 மி.மீ. சமாச்சாரம்தான்.

ஆனால் கால் உண்மையிலேயே அகலம் என்றால் இந்தக் கணக்கு உதைக்கும். நான் முடிவெடுத்ததே இங்கேதான். ஜப்பானியத் தர அளவுகளில் நீளம் 5 மி.மீ. கூடினால் முன்பாதச் சுற்றளவு 3 மி.மீ. கூடும். நீளத்தை மாற்றாமல் அகல எழுத்தை மட்டும் ஒரு படி ஏற்றினால், ஈ-யிலிருந்து இரட்டை ஈ-க்கு என்று வையுங்கள், சுற்றளவு 6 மி.மீ. கூடும். அந்த ஒரு படி அகலத்தை நீளத்தைக் கூட்டியே பெற வேண்டுமென்றால் ஷூ முழுதாக ஒரு சென்டிமீட்டர் நீள வேண்டும். ஐரோப்பிய நம்பர் ஒன்றுக்கு 6.7 மி.மீ. என்பதால் அது ஒன்றரை நம்பர்: 42 கால்காரர் 43.5 போட வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அளவு கொஞ்சம் மாறும், போக்கு மாறாது.

சாதாரண ஷூவில் ஒரு சென்டிமீட்டர் கூடுதலைச் சமாளித்துவிடலாம். இங்கே அடியில் கிளீட் இருக்கிறதே! ஷூ நீளும்போது கிளீட் துளைகளும் முன்னே நகர்கின்றன. நம் காலோ குதிகாலை ஒட்டி அதே இடத்தில்தான் இருக்கும். கிளீட் நிற்க வேண்டியது பெருவிரல், சுண்டுவிரல் மூட்டுகளை ஒட்டிய பகுதியில். ஷூ நீண்டுவிட்டால் அது விரல் பக்கம் போய்விடும். பின்னுக்குத் தள்ளலாம், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லை முடிந்த பிறகு ஒவ்வொரு மிதியையும் கெண்டைக்காலும் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணும்தான் சுமக்கும். போதாததற்கு, பெரிய ஷூவின் குதிகால் பகுதியும் தளர்வாகிவிடும். ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது கால் தூக்கிக்கொண்டு வரும். அதை அடக்க ஷூவை இறுக்கும் டயலை முறுக்கினால் பாதத்தின் மேல்பக்கம் வலிக்கும். முன்னால் இடம் வேண்டுமென்று வாங்கிய ஷூவை மேலே இறுக்கிக் கட்டுவதில் என்ன அர்த்தம்?

வைட் எடுத்தால் நீளமும் துளைகளும் காலுக்குரிய இடத்திலேயே இருக்கும், முன்பாதம் மட்டும் விடுபடும். அதற்கான விலை, தேடும் அலைச்சல். எல்லா மாடலிலும் வைட் வராது, வந்தாலும் பெரும்பாலும் கறுப்புதான், அரை நம்பர் கிடைப்பது அபூர்வம். தலைப்பில் வைட் என்று போட்டுவிட்டு உள்ளே சாதா ஷூ படத்தை வைக்கும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். பணம் கட்டுமுன் பெட்டி லேபிளின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். மறுவிற்பனையில் வைட் ஷூவுக்கு ஆள் கிடைக்கத் தாமதமாகும் என்பது என் ஊகம். என்னுடையதை விற்கும் எண்ணம் இன்னும் வரவில்லை.

மற்ற பிராண்டுகளில் சிடியின் அகல வடிவத்துக்கு மெகா என்று பெயர். லேக்கிலும் அகலத் தெரிவுகள் உண்டு. இவற்றை நான் நாள்கணக்கில் போட்டு ஓட்டியதில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மலைப்பாதை சைக்கிள் ஷூவிலும் என் அனுபவம் குறைவு. அங்கே இறங்கி நடக்க வேண்டியிருப்பதால் சற்றுக் கூடுதல் நீளம் அவ்வளவு உறுத்தாது என்று தோன்றுகிறது. கால் ஒல்லியாக, விரல் மட்டும் நீளமாக இருப்பவர்களுக்கு இந்தச் சண்டையே வேண்டாம், அரை நம்பர் கூட்டிவிடலாம்.

ஷூ கைக்கு வந்ததும் கிளீட்டைப் பூட்டிவிடாதீர்கள். திருகு பதிந்த தடம் இருந்தால் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை. உள்ளட்டையை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் முழு எடையோடு நின்று பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் சதை அட்டைக்கு வெளியே வழிந்தால் அகலம் போதவில்லை. வழியவில்லையென்றால் சாக்ஸோடு ஷூவைப் போட்டு, வீட்டுக்குள்ளேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். விரல் மரத்துப்போனால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள்.