லைப்ரரி இம்போர்ட்: தோல் மெஷினுக்கு நிரல் எழுதுகிறவன் பார்வையில்

ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்து டேனரிகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) மென்பொருள் எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். தோல் அளக்கும் மெஷினோடு சி மொழியில் எழுதிய டிஎல்எல் (வேறு நிரல்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் கோப்பு) ஒன்று வரும். பில் போடும் நிரல் சி ஷார்ப் மொழியில். அளந்த தோல்களின் விவரத்தை ஸ்ட்ரக்ட் அரேயாக (தோலுக்கு ஒரு தொகுப்பு என்று அடுக்கிய வரிசையாக) வாங்க வேண்டும். அதற்கு, சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட் 7-ல், 2022-ல் வந்த, சி நிரலைக் கூப்பிட உதவும் லைப்ரரி இம்போர்ட்டைத்தான் இப்போது போடுகிறேன். மனசாரச் சொல்கிறேன், நல்ல சரக்கு.

ஒரு டேனரியில் பழைய நிரல், இதே வேலைக்கான பழைய வழியான டிஎல்எல் இம்போர்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது. முதல் தோலின் எண்ணும் அளவும் சரி. இரண்டாவது எருமைத் தோலின் எண் 1103364096 என்று வந்து விழுந்தது. அதே நாலு பைட்டை ஃப்ளோட்டாகப் (தசம எண்ணாகப்) படித்தால் 24.5. அந்தத் தோலின் சதுர அடி!

ஸ்ட்ரக்ட்டில் எண், சதுர அடி, பிறகு ரிஜெக்ட், ஈரம் என்று இரண்டு பூல் (ஆம்/இல்லை மதிப்பு). சி பக்கம் பூலுக்கு 1 பைட். பேடிங் (இடத்தைச் சீராக்கச் சேரும் காலி பைட்) சேர்த்து மொத்தம் 12. டிஎல்எல் இம்போர்ட்டுக்கு நாம் எதுவும் சொல்லாவிட்டால் பூலை விண்டோஸ் வழக்கப்படி 4 பைட்டாக எடுத்துக்கொள்ளும், 16 ஆகிவிடும். தோலுக்குத் தோல் 4 பைட் தள்ளிக்கொண்டே போகும். சதுர அடிக்கு விலை பேசுகிற ஊரில் இது சின்ன விஷயமா?

அதே ஸ்ட்ரக்ட்டை லைப்ரரி இம்போர்ட்டில் கொடுத்தால் கம்பைலரே ஒத்துக்கொள்ளாது. பூலை பைட்டாக மாற்றியதும் அரே காப்பி ஆகாமல், இருந்த இடத்திலேயே நகராதபடி பின் செய்யப்பட்டு நேராக சி-க்குப் போகிறது. கம்பைல் செய்யும்போது உருவாகும், இரு பக்கத்துக்கும் இடையே தரவை மாற்றித் தரும் மார்ஷலிங் நிரலைத் திறந்து வரிவரியாகப் படிக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

குறைகளும் உண்டு. ஸ்ட்ரக்ட்டுக்குள் நிலையான நீளத்தில் ஸ்டிரிங் இருந்தால் மார்ஷலரை நாமே எழுத வேண்டும். சி ஹெடரில் பேக் 1 (பேடிங் வேண்டாம் என்ற கட்டளை) போட்டிருந்தால் இதற்குத் தெரியாது. இரண்டு பக்கமும் சைஸை அச்சிட்டு ஒப்பிடுவது நம் பொறுப்பு. டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8-ல் நிற்கும் பழைய கம்ப்யூட்டர்களுக்கு இது கிடையாது. அங்கே டிஎல்எல் இம்போர்ட்டே கதி. பூலை எடுத்துவிட்டு பைட் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறேன்.