கீமோ: பம்ப்பா, மாத்திரையா?

பெருங்குடல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து அம்மாவுக்கு கீமோ என்றதும் டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று ஃபால்ஃபாக்ஸ்: நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் (மருந்து ஏற்றும் சின்னக் கருவி) வைத்து, இரண்டு வாரத்துக்கொரு முறை 5-எஃப்யூ மருந்தை பம்ப்பில் 46 மணி நேரம் ஏற்றுவது. இன்னொன்று கேப்பாக்ஸ்: மூன்று வாரத்துக்கு ஒருநாள் ட்ரிப், வீட்டில் 14 நாள் கேபசிடபின் மாத்திரை, 7 நாள் ஓய்வு. இரண்டிலும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற ட்ரிப் மருந்தும் உண்டு. அதனால் பச்சைத்தண்ணீர் பட்டால் விரல் சுருக்கென்பதிலிருந்து எதிலும் தப்ப முடியாது. மாத்திரையும் உடம்புக்குள் 5-எஃப்யூவாகத்தான் மாறுகிறது.

நாங்கள் மாத்திரையை எடுத்தோம். ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேர பஸ். பம்ப் மாட்ட ஒருதடவை, கழற்ற ஒருதடவை, சிகிச்சை முடிந்தாலும் போர்ட்டை எடுக்கும்வரை அடைக்காமலிருக்க அவ்வப்போது கழுவிவிட வேறு போகணும். கணக்குப் போட்டதும் முடிவாகிவிட்டது.

ஆனால் போர்ட்டுக்குத் தப்பித்த பராமரிப்பு காலுக்கு வந்து சேர்ந்தது. பம்ப்பில் வாய்ப்புண்ணும் வெள்ளணு குறைவதும் அதிகம். மாத்திரையில் கை, கால்தான். இரண்டாவது சுற்றில் உள்ளங்கால் சிவந்தது. "தார் ரோட்டுல வெறுங்காலோட நடந்த மாதிரி எரியுதுடா" என்று அம்மா சொன்னதே மூன்று நாள் கழித்துத்தான். அதற்குள் கொப்புளம். மாத்திரையை நிறுத்தி, அடுத்த சுற்றில் டோஸைக் குறைத்தார்கள். எரிச்சல் வலியாக மாறின அன்றே நிறுத்திவிட்டு போன் செய்திருக்கணும். பிறகு காலை, இரவு யூரியா க்ரீம், பருத்தி சாக்ஸ், தளர்ந்த செருப்பு. வெந்நீரில் பாத்திரம் தேய்ப்பதற்குத் தடை. ரேஷன் கடை மெஷினில் அம்மாவின் ரேகை விழவேயில்லை, நான் போய் விரல் வைத்துத்தான் அரிசி வாங்கினேன்.

மாத்திரையைச் சாப்பாடு முடிந்த அரை மணிக்குள் போடணும். ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போடக்கூடாது. ஒரு நாளில் வழக்கத்தைவிட நாலு தடவை கூடுதலாக வயிற்றால் போனால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடணும். காய்ச்சல் 100.4 தொட்டால், எந்த வழியானாலும், விடியட்டும் என்று இருக்கக்கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள் முதலிலேயே சொல்லிவிடணும். 5-எஃப்யூவை உடம்பில் உடைக்கும் டிபிடி என்சைம் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். அது குறைந்தவர்களுக்கு இரண்டு வழியுமே ஆபத்து.

பம்ப்போடு நாங்கள் வாழ்ந்ததில்லை. பக்கத்து நாற்காலிப் பெரியவர் அதை இடுப்புப் பையில் தட்டிக்காட்டி, "மாத்திரை எண்ணுற வேலை எனக்கில்ல தம்பி, எல்லாம் நர்ஸம்மா பாத்துக்குவாங்க" என்றார். வீட்டில் தனியாள். அவர் இடத்தில் நானும் பம்ப்பைத்தான் கேட்டிருப்பேன்.